ஒரே வகுப்பறை, இரண்டு கட்டணம்

கேள்வி: அருப்புக்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். என் கணவர் விசைத்தறியில் கூலிக்கு நெய்கிறார். நான் வீட்டில் தையல் வேலை பார்க்கிறேன். இருவர் வருமானமும் சேர்ந்து ஆண்டுக்கு 1,80,000 ரூபாயைத் தாண்டாது. நாங்கள் மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் தமிழ்வழியில் படித்து, பிளஸ் டூவில் கணிதத்தில் 88, இயற்பியலில் 84, வேதியியலில் 82 மதிப்பெண் பெற்றிருக்கிறாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினீயரிங் படிக்க ஆசைப்படுகிறாள். கவுன்சலிங்குக்கு விண்ணப்பித்துவிட்டோம். ஆனால் ஒரு தனியார் கல்லூரிக்கு ஆள் சேர்ப்பவர் வீட்டுக்கு வந்து, இந்த கட்ஆஃபுக்கு நல்ல கல்லூரி கிடைக்காது என்றார். தங்கள் கல்லூரியில் ஆண்டுக்கு 85,000 ரூபாய் கட்டணம், முதல் ஆண்டு 25,000 ஸ்காலர்ஷிப், கல்லூரிப் பேருந்துக்கு 30,000, லேப்டாப் இலவசம் என்று சொன்னார். கணவர் 10,000 ரூபாய் முன்பணம் கொடுத்து, டி.சி.யையும் அசல் மதிப்பெண் சான்றிதழ்களையும் ஒப்படைத்துவிட்டார். சீட்டு எடுத்த பணம் 1,20,000 கையில் இருக்கிறது. மீதிக்கு நகையை அடகு வைக்கலாமா? குறைந்த செலவில் படிக்க வேறு நல்ல கல்லூரி உண்டா? மூத்த மகன் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்திருப்பதால் முதல் பட்டதாரி சலுகை கிடைக்காது என்கிறார்களே, உண்மையா? அரசுக் கலைக் கல்லூரியில் சேர்த்தால் வேலை கிடைக்காது என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

நகையை இப்போது அடகு வைக்க வேண்டாம். முன்பணம் கொடுத்துவிட்ட காரணத்துக்காக அந்தக் கல்லூரியிலேயே சேர்த்தாக வேண்டும் என்றும் எண்ண வேண்டாம். உங்கள் மகளின் நான்கு ஆண்டுச் செலவு கல்லூரியின் பெயரை வைத்து அமைவதைவிட, அவர் எந்த ஒதுக்கீட்டில் சேர்கிறார் என்பதை வைத்தே அமையும். கலந்தாய்வு முடியும் வரை காத்திருப்பதால் உங்களுக்கு இழப்பு எதுவும் இல்லை; அவசரப்பட்டால் சில லட்சம் ரூபாய் இழப்பு நேரும். ஏன் அப்படி என்பதை விரிவாகச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் சிறுபான்மையினர் அல்லாதோர் நடத்தும் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் தங்கள் இடங்களில் 65 விழுக்காட்டை அரசு ஒதுக்கீட்டுக்குத் தர வேண்டும். சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரிகள் 50 விழுக்காட்டைத் தர வேண்டும். இந்த இடங்கள்தான் கலந்தாய்வில் நிரப்பப்படுகின்றன. மிச்சமிருப்பவை நிர்வாக ஒதுக்கீட்டு இடங்கள். இரண்டு வகை இடங்களுக்கும் எவ்வளவு வாங்கலாம் என்பதை, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்கிறது. அக்குழு 2017-இல் அறிவித்த உச்சவரம்பின்படி, அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற படிப்பாக இருந்தால் 55,000. நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு முறையே 85,000, 87,000. இவ்வாண்டு உங்கள் மகள் விரும்பும் ஒவ்வொரு கல்லூரிக்கும் உரிய தொகை என்ன என்பதைச் சேர்வதற்கு முன் இணையத்தில் கல்லூரிவாரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வரம்புகளை உங்களிடம் சொல்லப்பட்ட தொகையோடு ஒப்பிட்டாலே விஷயம் விளங்கிவிடும். 85,000 என்பது நிர்வாக ஒதுக்கீட்டுக் கட்டணம். அதில் 25,000-ஐக் கழித்து ‘ஸ்காலர்ஷிப்’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். கழித்த பிறகு நிற்கும் 60,000 ரூபாயே அந்த வரம்பின்படி அரசு ஒதுக்கீட்டு மாணவர் செலுத்தும் தொகையைவிட அதிகம். பக்கத்து இருக்கையில் அதே ஆசிரியரிடம் அதே பாடத்தைக் கேட்கும் மாணவி குறைந்த கட்டணத்தில் படிப்பார். அவருக்கு அரசின் சலுகைகளும் சேர்ந்து வரும்.

அந்தச் சலுகைகளை நிர்வாக ஒதுக்கீட்டில் சேருபவர் இழக்கிறார் என்பதை வீடு தேடி வந்தவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். குடும்பத்தில் முதலில் பட்டப்படிப்புக்குச் செல்பவருக்குக் கல்விக் கட்டணத்தில் அரசு தரும் கழிவுதான் முதல் பட்டதாரி சலுகை. அது ஒற்றைச் சாளர முறையில், அதாவது கலந்தாய்வு வழியாக அரசு ஒதுக்கீட்டில் சேருபவருக்கு மட்டுமே உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குக் கல்விக் கட்டணத்தை ஈடுசெய்யும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கும் தமிழ்நாட்டில் இதே நிபந்தனைதான். கல்லூரி தன் பையிலிருந்து தருவதாகச் சொல்லும் 25,000-க்காக, அரசு ஆண்டுதோறும் தரவிருப்பதைக் கைவிடுவது எந்தக் கணக்கிலும் சரிவராது. அதுவும் முதல் ஆண்டுக்கு மட்டுமே என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். முதல் ஆண்டு 60,000, அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு 2,55,000, பேருந்துக்கு நான்கு ஆண்டுகளில் 1,20,000 என்று கூட்டினால் 4,35,000 ரூபாய் ஆகிறது. தேர்வுக் கட்டணம், சீருடை, ‘பிளேஸ்மென்ட் டிரெய்னிங்’ என்ற பெயரில் இடையிடையே கேட்பது எல்லாம் இதற்கு மேல். இது உங்கள் இருவரின் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு உழைப்பு.

இப்போது முதல் பட்டதாரி சலுகைக்கு வருகிறேன். உங்களிடம் சொல்லப்பட்டது தவறு. குடும்பத்தில் தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோரில் எவரும் பட்டம் பெறாமல் இருந்தால், முதலில் பட்டப்படிப்புக்குச் செல்பவர் இச்சலுகைக்குத் தகுதி பெறுகிறார். டிப்ளமோ பட்டம் ஆகாது. ஆகவே உங்கள் மகன் பாலிடெக்னிக் முடித்திருப்பது மகளின் சலுகைக்குத் தடையில்லை. ஒன்றை மட்டும் குடும்பத்தில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்: இச்சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே கிடைக்கும். மகன் டிப்ளமோ தகுதியில் நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. சேர எண்ணியிருந்தால், யாருக்காக இதைப் பயன்படுத்துவது என்று இப்போதே தீர்மானிக்க வேண்டும்.

இதற்கான சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துப் பெற வேண்டும். சேவைக் கட்டணம் 60 ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக மண்டலத் துணை வட்டாட்சியரிடம் செல்லும். குடும்பத்தில் ஒவ்வொருவரின் கல்வித் தகுதியையும் கேட்பார்கள் என்பதால் மகனின் டிப்ளமோ சான்றிதழ், உங்கள் இருவரின் பள்ளிச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் நகல்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கைக் காலத்தில் தாலுகா அலுவலகங்களில் மனுக்கள் குவிந்து கிடக்கும். இணையத்தில் பதிவு செய்துவிட்டு வீட்டில் காத்திருக்காமல், ஒப்புகைச் சீட்டோடு கிராம நிர்வாக அலுவலரை நேரில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. வருமானச் சான்றிதழுக்கும் இத்துடனேயே விண்ணப்பித்துவிடுங்கள். அடுத்து, உங்கள் கலந்தாய்வு விண்ணப்பத்தை எடுத்து, முதல் பட்டதாரி என்ற கேள்விக்கு என்ன பதில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பிறர் சொன்னதை நம்பி ‘இல்லை’ என்று குறித்திருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியிருந்தால் சான்றிதழோடு மாவட்டத்திலுள்ள பொறியியல் சேர்க்கைச் சேவை மையத்துக்கு மகளுடன் நேரில் சென்று, சான்றிதழ் சரிபார்ப்புக் காலத்துக்குள் திருத்தக் கேளுங்கள். தரவரிசைப் பட்டியல் வெளியான பிறகு குறைகளைத் தெரிவிக்கச் சில நாள் அவகாசம் தரப்படுவதுண்டு. ஆனால் அதுவரை தள்ளிப்போட வேண்டாம்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டைப் பற்றியும் யாராவது உங்களிடம் பேசியிருக்கக்கூடும். 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்குக் கிடைக்கும் அந்த ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. அரசு உதவி பெறும் பள்ளி அதில் வராது. உங்கள் மகளுக்கு அது பொருந்தாது. இதை வாசிக்கும் மற்ற பெற்றோருக்காக ஒரு வார்த்தை: உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்து இந்த ஒதுக்கீட்டில் இடம் பெற்றால், கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அத்தகைய குடும்பங்கள்கூட ஆள் சேர்ப்பவர் பேச்சைக் கேட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்வதைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வேதனையாக இருக்கிறது.

அந்த ஒதுக்கீடு இல்லாவிட்டாலும் புதுமைப் பெண் திட்டம் உங்கள் மகளுக்கு உண்டு. 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளி மாணவிகளுக்காகத் தொடங்கப்பட்ட இத்திட்டம், 2024 டிசம்பர் இறுதியில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. மாதம் 1,000 ரூபாய் மாணவியின் வங்கிக் கணக்கில் நேரடியாக வரும். கல்லூரியில் சேர்ந்தவுடன் அங்குள்ள பொறுப்பு ஆசிரியரிடம் சொல்லிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கு மகளின் பெயரில் ஆதார் இணைக்கப்பட்ட கணக்கு இருக்க வேண்டும். இந்தத் தொகையை வீட்டுச் செலவில் கலந்துவிடாமல், மகளின் பேருந்துக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் என்று ஒதுக்கினால் அன்றாடச் செலவின் பெரும்பகுதி அதிலேயே அடங்கும்.

இனிக் கல்லூரிகளைப் பார்ப்போம். உங்கள் மகளின் கட்ஆஃப், கணிதத்துக்கு 88, இயற்பியலின் பாதி 42, வேதியியலின் பாதி 41, ஆக 200-க்கு 171. மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரி போன்ற முன்னணி இடங்களில் இந்த மதிப்பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைப்பது மிகக் கடினம். அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் நல்ல கல்லூரியே கிடைக்காது என்பது ஆள் சேர்ப்பவரின் வியாபாரப் பேச்சு. உங்கள் பக்கத்திலிருந்து எட்டும் தொலைவில் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி, போடிநாயக்கனூர் அரசு பொறியியல் கல்லூரி ஆகியவை இருக்கின்றன. காரைக்குடிக் கல்லூரி 1952-இலும், திருநெல்வேலிக் கல்லூரி 1981-இலும் தொடங்கப்பட்டவை. இவற்றில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களோடு முடிந்துவிடும். அண்ணா பல்கலைக்கழகமே நடத்தும் மண்டல வளாகங்கள் மதுரையிலும் திருநெல்வேலியிலும், அதன் உறுப்புக் கல்லூரிகள் ராமநாதபுரம், திண்டுக்கல் போன்ற இடங்களிலும் உள்ளன. அங்கே கட்டணம் அரசுக் கல்லூரியைவிடக் கூடுதல் என்றாலும், சுயநிதிக் கல்லூரிகளைவிடப் பெரிதும் குறைவு. கணினிப் பிரிவுகள் முதலில் நிரம்பிவிடும். சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் பிரிவுகள் பொதுவாக அதைவிடக் குறைந்த கட்ஆஃபில் முடிகின்றன. அரசுக் கல்லூரியில் எலெக்ட்ரிக்கலா, சுயநிதியில் கம்ப்யூட்டர் சயின்ஸா என்ற கேள்வி வரக்கூடும். எலெக்ட்ரிக்கல் படிப்பில் மகளுக்கு உண்மையாகவே ஈடுபாடு உண்டா என்று கேளுங்கள். இருந்தால் தயங்காமல் அரசுக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது என் கருத்து. துளியும் விருப்பமில்லாத பிரிவில் கட்டணம் குறைவு என்பதற்காக மட்டும் சேர்த்தால், அரியர் விழுந்து படிப்பு நீளும். மிச்சம் பிடித்த பணம் அதிலேயே கரைந்துவிடும்.

எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எட்டும் என்பதை அறிய, கடந்த ஆண்டுகளின் கட்ஆஃப் பட்டியலைக் கலந்தாய்வு இணையதளத்தில் பாருங்கள். ஒவ்வொரு கல்லூரிக்கும் பிரிவுவாரியாக, ஓ.சி., பி.சி., பி.சி.எம்., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.சி.ஏ., எஸ்.டி. என்று தனித்தனிப் பத்தி இருக்கும். பலரும் முதல் பத்தியிலுள்ள பொதுப்பிரிவு எண்ணைப் பார்த்துவிட்டு, நமக்குக் கிடைக்காது என்று மூடிவிடுகிறார்கள். நீங்கள் எம்.பி.சி. பத்தியைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையே பல மதிப்பெண் வித்தியாசம் இருப்பது சாதாரணம். அந்தப் பத்தியில் 165 முதல் 178 வரை முடிந்த அத்தனை கல்லூரிகளையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். கல்லூரிக் குறியீட்டு எண்ணையும் சேர்த்து எழுத வேண்டும். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் நிறைய இருப்பதால், பெயரை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுத்து வேறு ஊர்க் கல்லூரியில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் எதிரே கட்டணம், அருப்புக்கோட்டையிலிருந்து தொலைவு, அரசுப் பேருந்தில் போய்வர முடியுமா அல்லது விடுதி தேவையா என்பதைக் குறியுங்கள். சுயநிதிக் கல்லூரிகளாக இருந்தால், அண்ணா பல்கலைக்கழகம் பருவந்தோறும் வெளியிடும் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டையும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் ஆண்டுத் தேர்வில் பெரும்பாலோர் தோற்கும் கல்லூரியில் கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது மலிவானது அன்று. ஆசிரியர்கள் உண்மையில் இருக்கிறார்களா என்பதை அங்கு படிக்கும் மாணவர்களிடமே கேளுங்கள். ஒரே ஆசிரியரைப் பல கல்லூரிகளில் பணியாற்றுவதாகக் கணக்குக் காட்டிய முறைகேடு 2024-இல் வெளிவந்ததை நீங்கள் செய்தித்தாளில் படித்திருக்கலாம்.

விருப்பப் பட்டியல் நிரப்பும்போது எத்தனை கல்லூரிகளை வேண்டுமானாலும் சேர்க்கலாம். எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. கணினி, தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவருக்கும் பட்டியலின் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வந்து, முதலில் காலியாக இருக்கும் இடத்தை ஒதுக்குகிறது. ஆகவே எட்டாத கல்லூரியை மேலே எழுதுவதால் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது. கிடைக்குமோ கிடைக்காதோ என்று பயந்து, சாதாரணக் கல்லூரியை முதலில் வைத்தால் அதுவே கிடைத்துவிடும். அதற்குப் பிறகு மேல்நோக்கிச் செல்ல வழியில்லை. உண்மையான விருப்ப வரிசையிலேயே எழுதுங்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், அதை ஏற்றுச் சேர்வதா, ஏற்றுக்கொண்டு பட்டியலில் மேலே உள்ளது கிடைக்குமா என்று காத்திருப்பதா, மறுப்பதா என்று தெரிவிக்கச் சொல்வார்கள். ஏற்றுச் சேர்பவர் குறித்த நாளுக்குள் கல்லூரிக்குச் சென்று கட்டணம் செலுத்த வேண்டும். ஏற்றுக் காத்திருப்பவர் சேவை மையத்தில் செலுத்த வேண்டும். அந்த நாள் தவறினால் இடம் ரத்தாகிவிடும். உங்களிடமுள்ள சீட்டுப் பணத்தை இந்த நாள்களில் உடனே எடுக்கும்படி வங்கிக் கணக்கில் வைத்திருங்கள். கடவுச்சொல்லையும் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யையும் மகளைத் தவிர எவரிடமும் தராதீர்கள். பிரவுசிங் சென்டரில் நிரப்பினாலும் மகளே அமர்ந்து, ‘லாக்’ செய்வதற்கு முன் ஒவ்வொரு வரியையும் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சில ஆள் சேர்ப்பவர்கள் உதவுவதுபோல் அமர்ந்து, தங்கள் கல்லூரியை முதலிடத்தில் வைத்துவிடுகிறார்கள்.

வெளியூர்க் கல்லூரி கிடைத்தால் விடுதிச் செலவு பெரிதாகத் தோன்றும். அரசுக் கல்லூரி விடுதிகளில் மெஸ் பில் பெரும்பாலும் ‘டிவைடிங்’ முறையில், அதாவது ஆன செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்து வசூலிக்கப்படுவதால் தனியார் விடுதியைவிட நிச்சயமாகக் குறையும். அதற்கும் வழியில்லை என்றால், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை நடத்தும் கல்லூரி மாணவியர் விடுதிகள் இருக்கின்றன. 2025-இல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றப்பட்டவை இவைதான். உணவும் தங்குமிடமும் இலவசம். கல்லூரி இருக்கும் மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள துறை அலுவலரிடம், கல்லூரியில் சேர்ந்த அன்றே விண்ணப்பம் கேளுங்கள். இடங்கள் குறைவு, தாமதித்தால் நிரம்பிவிடும். அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு அரசுப் பேருந்தில் இலவசப் பயண அட்டையும் உண்டு.

உறவினர்கள் பயமுறுத்தும் கலைக் கல்லூரி விஷயத்தில் நான் அவர்களோடு உடன்படவில்லை. கலந்தாய்வில் மனதுக்குப் பிடித்த இடம் அமையாவிட்டால், பெயருக்கு ஒரு பி.இ.யைவிட நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. மேலானது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் போன்றவை மட்டும்தான். உங்கள் ஊரிலேயே சைவ பானு சத்திரியக் கல்லூரியும் தேவாங்கர் கலைக் கல்லூரியும் இருக்கின்றன. விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரியும், பெண்களுக்கென வன்னியப்பெருமாள் கல்லூரியும் இருக்கின்றன. இவை அரசு உதவி பெறும் கல்லூரிகள். ஆனால் இங்கே கவனமாக இருக்க வேண்டும். அரசு உதவி பெறும் கல்லூரி என்றாலும் அதிலுள்ள எல்லாத் துறைகளும் உதவி பெறுபவை அல்ல. கணிதம், இயற்பியல், வேதியியல், வணிகவியல் போன்ற பழைய துறைகள் பெரும்பாலும் உதவி பெறும் பிரிவிலும், கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.சி.ஏ. போன்றவை பெரும்பாலும் சுயநிதிப் பிரிவிலும் இருக்கும். கட்டணம் இரண்டுக்கும் பல மடங்கு வேறுபடும். ‘இந்தப் படிப்பு எய்டெடா, செல்ஃப் பைனான்ஸா’ என்று அலுவலகத்தில் நேரடியாகக் கேளுங்கள். கணிதத்தில் 88 வாங்கிய மாணவி உதவி பெறும் பிரிவில் பி.எஸ்சி. கணிதம் படித்து, பிறகு டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி, இரண்டு ஆண்டு எம்.சி.ஏ.வுக்கு அரசுக் கல்லூரியிலோ அண்ணா பல்கலைக்கழகத்திலோ முயலலாம். ஐந்து ஆண்டுகள் ஆகும். ஆனால் மொத்தச் செலவு, நீங்கள் முன்பணம் கட்டிய கல்லூரியின் இரண்டு ஆண்டுச் செலவைக்கூட எட்டாது. பெரிய மென்பொருள் நிறுவனங்கள் பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தவர்களையும் வேலைக்கு எடுக்கின்றன. வேலையில் சேர்த்துக்கொண்டு மேற்படிப்புக்கும் செலவு செய்யும் திட்டம் விப்ரோவில் இருக்கிறது. ஆகவே பொறியியல் கலந்தாய்வுக்குக் காத்திருக்கும்போதே, இந்தக் கல்லூரிகளில் ஒன்றிரண்டுக்கும் விண்ணப்பித்து வையுங்கள்.

கொடுத்த பணத்தையும் சான்றிதழ்களையும் இந்த வாரமே திரும்பப் பெறுங்கள். கலந்தாய்வில் இடம் கிடைத்தால் சேரும்போது அசல் டி.சி. தேவைப்படும். கல்லூரி முதல்வருக்கு, ‘என் மகளை இக்கல்லூரியில் சேர்க்க விரும்பவில்லை, செலுத்திய முன்பணத்தையும் அசல் சான்றிதழ்களையும் திருப்பித் தர வேண்டுகிறேன்’ என்று தேதியிட்டு இரண்டு பிரதிகள் எழுதுங்கள். ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் முத்திரையும் வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சேர்க்கைக்கான கடைசி நாளுக்கு முன் விலகும் மாணவரிடம் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்பதும், அசல் சான்றிதழ்களை நிறுத்தி வைக்கக் கூடாது என்பதும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் விதிகள். கணவர் கொடுத்த 10,000-க்கு ரசீது இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால், யாரிடம், எந்தத் தேதியில், யார் முன்னிலையில் கொடுத்தார் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். இழுத்தடித்தால் அக்குழுமத்தின் புகார் தளத்திலும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்திலும் புகார் செய்யலாம். பெரும்பாலும் எழுத்துப்பூர்வமான கடிதம் போன உடனேயே சான்றிதழ்கள் வந்துவிடும்.

பணம் போதாமல் போனால், நகைக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. தொழில்நுட்பப் படிப்பில் சேரும் மாணவிகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் பிரகதி என்ற உதவித்தொகையை வழங்குகிறது; குடும்ப வருமானம் ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும், தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். தேசிய உதவித்தொகைத் தளத்தில் முதல் ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். தகுதி வரிசைப்படி குறிப்பிட்ட எண்ணிக்கையினருக்கே கிடைக்கும் என்பதால், வந்துவிடும் என்று எண்ணிச் செலவைத் திட்டமிட வேண்டாம். வேறு உதவித்தொகை பெறுவோருக்கான நிபந்தனைகளையும் படித்துப் பார்த்து, எது அதிகம் தருகிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். மற்றொன்று கல்விக் கடன். வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம். நான்கு லட்சம் வரை உங்கள் பங்காகப் பணமோ பிணையமோ கேட்கக் கூடாது. ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு, தர அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொழிற்படிப்பு என்றால், படிக்கும் காலத்துக்கும் அதன் பின் ஓராண்டுக்குமான வட்டியை மத்திய அரசு ஏற்கிறது. நகைக் கடனுக்கோ மறு ஆண்டே வட்டி கட்டியாக வேண்டும். கலந்தாய்வு ஒதுக்கீட்டுக் கடிதத்தோடு செல்பவரை வங்கி மேலாளர் நடத்தும் விதத்துக்கும், நிர்வாக ஒதுக்கீட்டு ரசீதோடு செல்பவரை நடத்தும் விதத்துக்கும் வேறுபாடு உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். என் கணக்குப்படி அரசுக் கல்லூரியோ பல்கலைக்கழக வளாகமோ அமைந்தால், கையிலிருக்கும் 1,20,000 ரூபாயும் மாதம் வரும் 1,000 ரூபாயும் உங்களை நெடுந்தூரம் கொண்டுசெல்லும். கடன் தேவைப்பட்டாலும் சிறிதாகவே இருக்கும். சுயநிதிக் கல்லூரி அரசு ஒதுக்கீட்டில் அமைந்தால், முதல் பட்டதாரி சலுகை போகச் செலுத்த வேண்டியதைக் கல்லூரி அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொண்டு, அந்தத் தொகைக்கு மட்டும் கடன் கேளுங்கள்.

இலவச லேப்டாப்புக்காக எந்த முடிவையும் எடுக்க வேண்டாம். அதன் விலை கட்டணத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும். பி.இ. முதல் ஆண்டில் பெரும்பகுதி கணிதம், இயற்பியல், வேதியியல், வரைபடம்தான். புரோகிராமிங் பயிற்சிக்குக் கல்லூரி ஆய்வகமே போதும். கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்திருக்கிறது. சேர்ந்த பிறகு அதைப் பற்றிக் கல்லூரியில் விசாரித்துக்கொள்ளலாம். இப்போது நீங்கள் போக வேண்டிய இடங்கள் இரண்டு: முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையம், டி.சி.க்கு அந்தக் கல்லூரி அலுவலகம். தரவரிசை எண் வந்ததும், நோட்டில் எழுதிய கல்லூரிப் பட்டியலையும் இணைத்து மறுபடி எழுதுங்கள். வரிசையை உங்கள் மகளோடு சேர்ந்து சரிபார்த்துத் தருகிறேன்.